தோட்டத்தில் முளைக்கும் காளானை அடையாளம் காண்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டு நாள் மழை, ஒரு நாள் வெயில். அடுத்த நாள் காலையில் புல்வெளியிலும் தொட்டியிலும் மரத்தடியிலும் குடைகள் விரிந்திருக்கும். பார்த்ததும் வரும் கேள்வி, "இதைச் சாப்பிடலாமா?" இந்த வழிகாட்டி அதற்குப் பதில் சொல்லாது. எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் அல்ல அது. வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டியவை வேறு கேள்விகள்: குழந்தையோ நாயோ வாயில் வைத்துவிட்டால் ஆபத்தா? செடிக்கும் மரத்துக்கும் இதனால் நோய் வருமா? சும்மா விட்டுவிடலாமா? இவற்றுக்குக் காளானின் பேரினம் தெரிந்தாலே பெரும்பாலும் போதும். சிற்றினப் பெயர் வரை போக நுண்ணோக்கி வேண்டியிருக்கும். பல காளான்களில் அதுவும் போதாது.

அடையாளம் காணும்போது நடக்கும் தவறுகளில் பல ஒரே காரணத்தால் வருபவை. காளானைக் காம்போடு கிள்ளி எடுத்துவிடுகிறோம், முக்கியமான சாட்சி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வேறு பல தவறுகள் குடையின் நிறத்தை நம்புவதால் வருகின்றன. நிறம் மழையில் வெளுக்கும், வெயிலில் மாறும், வயதோடு கருக்கும். அடிப்பாகமும், குடையிலிருந்து உதிரும் வித்துகளின் தூளான வித்துத்தூளும் அப்படி ஏமாற்றுவதில்லை.

பிடுங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் காளானை விட்டுவிட்டு அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். புல்லிலா, மரத்தூள் மூடாக்கிலா, மட்கிய எருவிலா, பட்டுப்போன அடிக்கட்டையிலா, உயிருள்ள மரத்தின் அடியிலா, சாணத்திலா? புல்லில் நிற்பதுபோல் தெரிவதெல்லாம் புல்லைச் சார்ந்ததல்ல. எப்போதோ வெட்டிய மரத்தின் வேர் கீழே மட்கிக்கொண்டிருக்கலாம். ஒரே கோட்டில் வரிசையாக முளைத்திருந்தால் பெரும்பாலும் அதுதான் விஷயம். பத்து மீட்டருக்குள் என்னென்ன மரங்கள் இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொடிய நஞ்சுள்ள காளான்கள் அடங்கிய அமானிட்டா பேரினத்தில் பெரும்பாலானவை மர வேர்களோடு கூட்டு வைத்து வாழ்பவை. அந்த மரம் பக்கத்து வீட்டு மதிலுக்கு அப்பால்கூட இருக்கலாம்.

அடுத்து முளைத்த விதம்: தனியாகவா, கொத்தாகவா, வட்டமாகவா, நூற்றுக்கணக்கில் கும்பலாகவா. பிறகு படம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, குடையின் அடிப்புறம் தெரிய ஒன்று, சுற்றுப்புறத்தோடு ஒன்று. அளவு தெரிய அருகில் ஒரு அளவுகோலை வையுங்கள். கையில் பிடித்து எடுத்த ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.

தோண்டி எடுத்தல்

காம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி, சிறு கரண்டியையோ கத்தியையோ எட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செலுத்தி, மண்ணோடு நெம்பி எடுங்கள். ஒட்டிய மண்ணை விரலால் மெதுவாக உதிர்க்கலாம், கழுவக் கூடாது. மொட்டு, பாதி விரிந்தது, முழுதாக விரிந்தது என்று மூன்று பருவத்திலும் ஒவ்வொன்று கிடைத்தால் நல்லது. சிற்றினத்துக்கு ஒரு காகிதப் பை. பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்து, சில மணி நேரத்தில் கூழாகிவிடும்.

தொடுவதால் விஷம் ஏறாது. காளான் நஞ்சு உடலுக்குள் போனால்தான் வேலை செய்யும். கையுறை போட்டுக்கொள்வதில் தவறில்லை, போடாவிட்டால் வேலை முடிந்ததும் கையைக் கழுவினால் போதும். ருசி பார்த்துத் துப்பும் சோதனை ஒன்று உண்டு. அது சில பேரினங்களுக்குள் மட்டும், அவற்றை ஏற்கெனவே அறிந்தவர்கள் செய்வது. தோட்டத்துக் காளானுக்கு அது வேண்டாம்.

உறுப்புகளைப் படிப்பது

தோண்டியதும் கண் முதலில் போக வேண்டிய இடம் காம்பின் அடி. கோழி முட்டை ஓட்டைக் கிழித்துக்கொண்டு வந்ததுபோல, தளர்ந்த பையொன்று அடியைச் சுற்றி இருக்கிறதா? அதை அடிப்பை என்போம். இளம் காளானை முழுதாக மூடியிருந்த உறையின் மிச்சம் அது. எல்லா அமானிட்டாக்களிலும் தெளிவான பையாக இருக்காது. சிலவற்றில் குமிழ்போல் வீங்கிய அடியில் விளிம்பாகவோ, அடுக்கடுக்கான மருக்களாகவோ மட்டும் தெரியும். அதே உறையின் துண்டுகள் குடையின் மேல் திட்டுகளாக ஒட்டியிருக்கும், ஆனால் ஒரு பலத்த மழை அவற்றைக் கழுவிவிடும். குடையில் திட்டு இல்லை என்பதால் ஒன்றும் உறுதியாகாது.

காம்பில் வளையம் உண்டா, அது அசையுமா ஒட்டியிருக்குமா என்று பாருங்கள். பிறகு காளானைக் குடையிலிருந்து அடிவரை நெடுக இரண்டாகப் பிளந்து பாருங்கள். குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளே செவுள்கள். அவை காம்பைத் தொடாமல் நிற்கின்றனவா, நேராக ஒட்டியிருக்கின்றனவா, காம்பின் மேல் இறங்கி ஓடுகின்றனவா என்பது பிளந்த பக்கத்தில்தான் தெளிவாகத் தெரியும். செவுளுக்குப் பதில் பஞ்சு போன்ற துளைகள் இருந்தால் அது வேறு கூட்டம். பிளந்த சதை நிறம் மாறுகிறதா என்று பத்து நிமிடம் கவனியுங்கள். மணம் பாருங்கள். காம்பை வளைத்துப் பாருங்கள்: சுண்ணக்கட்டிபோல் ஒடிகிறதா, நாராகக் கிழிகிறதா, ரப்பர்போல் வளைகிறதா.

வித்துத்தூள் எடுப்பது

இதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். செவுளின் நிறத்தைப் பார்த்து வித்தின் நிறத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

1. முழுதாக விரிந்த, ஆனால் வாடாத குடையைத் தேர்ந்தெடுத்து, காம்பைச் செவுள் மட்டத்தில் வெட்டுங்கள்.
2. கண்ணாடித் துண்டு அல்லது தெளிவான பிளாஸ்டிக் தாளின் மேல், செவுள் கீழ்நோக்கி இருக்க வையுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளும் சரிதான். ஆனால் கண்ணாடி என்றால் எந்தப் பின்னணியிலும் வைத்துப் பார்க்கலாம்.
3. குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். அதற்கு மேல் வேண்டாம்.
4. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, அசைக்காமல் இரவு முழுக்க விடுங்கள். நான்கு மணி நேரத்திலேயே லேசாகப் படியும். பன்னிரண்டு மணி நேரத்தில் தெளிவாகும்.
5. படிந்த தூளை ஒரு தகட்டால் சுரண்டிக் குவித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய படலத்தின் நிறமும் குவித்த தூளின் நிறமும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒன்றும் படியவில்லை என்றால் காளான் பிஞ்சாகவோ, காய்ந்துபோனதாகவோ, குளிர்பெட்டியில் கிடந்ததாகவோ இருக்கலாம். கறையாகக் கரைந்திருந்தால் மழையில் ஊறியது, இன்னொன்றை எடுங்கள். வெள்ளைத் தாளில் "ஒன்றுமில்லை" என்று எழுதும் முன் தாளைச் சாய்த்துப் பாருங்கள், வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது. தூளில் நெளிந்த கோடுகள் இருந்தால் குடைக்குள் இருந்த புழு நடந்த தடம்தான் அது.

நிறம் சொல்லும் செய்தி

வெள்ளைத் தூள், காம்பைத் தொடாத செவுள், அடிப்பை: மூன்றும் சேர்ந்தால் அமானிட்டா என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு இருந்தாலும் மூன்றாவதை மழையோ அவசரமோ அழித்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உலகில் காளானால் நேரும் மரணங்களில் மிகப் பெரும் பகுதிக்குக் காரணமான அமானிட்டா ஃபல்லாய்டிஸ் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. அதிலுள்ள அமடாக்சின் நஞ்சு கொதித்தாலும் காய்ந்தாலும் உறைந்தாலும் அழியாது. செல்லுக்குள் புரதம் உண்டாக்கும் வேலையின் முதல் படியையே அது நிறுத்திவிடுவதால் கல்லீரல் சிதைகிறது.

வெள்ளைத் தூள் கொண்டதெல்லாம் பயங்கரம் அல்ல. பூந்தொட்டியில் எலுமிச்சை மஞ்சளில், மாவு தூவியதுபோல் முளைக்கும் சிறு காளான் லியூகோகோப்ரினஸ் பிர்ன்பாமி. தின்றால் வயிற்றைப் புரட்டும், செடிக்கு ஒரு கெடுதலும் செய்யாது. தொட்டி மண்ணில் மட்கும் பொருளைத்தான் அது தின்கிறது. மருந்து ஊற்றி அதை ஒழிக்க முயல்பவர்கள் செடியைத்தான் வாட்டுகிறார்கள். மேல்மண் காயும்வரை தண்ணீரைக் குறைத்து, முளைத்ததைக் கிள்ளிவிட்டால் போதும்.

பச்சைத் தூள் வந்தால் சந்தேகமே வேண்டாம், குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். வெப்பமான இடங்களின் புல்வெளிகளில் பத்து முதல் முப்பது சென்டிமீட்டர் அகலக் குடையுடன், நடுவில் பழுப்புச் செதில்களோடு, மேலும் கீழும் அசையும் வளையத்தோடு நிற்கும் பெரிய காளான். இளமையில் செவுள் பால்வெள்ளையாக இருப்பதால் எல்லோரும் ஏமாறுவது இதில்தான். தின்றால் பொதுவாக ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். தோட்டத்தில் குழந்தைகள் இருந்தால், பார்த்த அன்றே அகற்ற வேண்டிய காளான்.

இளஞ்சிவப்புத் தூள் இன்னும் நுட்பமானது. அடிப்பை உண்டு, வளையம் இல்லை, வைக்கோலிலோ எருவிலோ முளைத்தது என்றால் வோல்வாரியெல்லா. ஆனால் செவுள் இளஞ்சிவப்பாவது முதிர்ந்த பிறகே. மொட்டுப் பருவத்தில் செவுளும் வெள்ளை, அடியில் பையும் உண்டு. அமானிட்டா மொட்டுக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வைக்கோல் காளானைச் சிறு வயதிலிருந்தே அறிந்தவர்கள் வேறு நாட்டுக்குப் போய், அதுதான் இது என்று நினைத்து அமானிட்டாவைத் தின்று இறந்திருக்கிறார்கள். அனுபவம் இங்கே உதவாது, ஏமாற்றும். செவுள் காம்பில் ஒட்டியிருந்து அடிப்பையும் இல்லாமல் மண்ணில் நின்றால் என்டலோமா. அதிலும் நஞ்சுள்ளவை பல.

பழுப்புத் தூள் கொண்ட சின்னஞ்சிறு காளான்களைக் காளான் அறிஞர்களே சலிப்போடுதான் பார்ப்பார்கள். ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கும். அவற்றைப் பிரித்தறியும் ஆசையை விட்டுவிடுங்கள். மட்கிய மரத்தில் வரும் கேலரினா மார்ஜினேட்டாவிலும், மூடாக்கிலும் புல்லிலும் வரும் ஃபோலியோட்டினா ருகோசாவிலும் இருப்பது அமானிட்டாவில் இருக்கும் அதே அமடாக்சின். குடையின் அகலம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான், நஞ்சு மட்டும் பெரியது. துருப்பழுப்புத் தூள், சிறு உருவம் என்றால் "கொடிய நஞ்சாக இருக்கலாம்" என்று எழுதிவிட்டு அகற்றுங்கள். அதே கூட்டத்தில் விடியலில் வெள்ளைக் கூம்பாக எழுந்து, நண்பகலுக்குள் துவண்டு மறையும் கொனோசைபே அபாலாவும் உண்டு. தண்ணீர் நன்றாகப் பாயும் புல்வெளியில் இதைக் காணலாம்.

சாக்லேட் பழுப்புத் தூளும், இளஞ்சிவப்பிலிருந்து கருக்கும் செவுளும், வளையமும் அகாரிகஸ் பேரினத்துக்கு உரியவை. இதில் ஒரு சோதனை தவறாமல் செய்ய வேண்டும். குடை விளிம்பை நகத்தால் கீறி, காம்பின் அடியைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய இடம் உடனே பளிச்சென்று மஞ்சளாகி, மையோ ஃபீனாலோ போல நாறினால் அகாரிகஸ் சாந்தோடெர்மஸ், வயிற்றைக் கெடுப்பது. மஞ்சள் சில நிமிடங்களில் பழுப்பாக மங்கிவிடும், ஆகவே வெட்டும்போதே பார்க்க வேண்டும்.

கறுப்புத் தூள் கொண்டவற்றில் மைக்குடைகள் பிரபலம்: முதிர்ந்ததும் செவுள்கள் கறுப்பு மையாகக் கரைந்து சொட்டும். பட்ட கட்டையைச் சுற்றி நூற்றுக்கணக்கில் வரும் விரல்நக அளவுக் குடைகள் கோப்ரினெல்லஸ் டிஸ்ஸெமினேட்டஸ். இவை மையாகக் கரைவதில்லை. கோப்ரினோப்சிஸ் அட்ராமென்டேரியாவில் ஒரு விசித்திரம் உண்டு. அதிலுள்ள கோப்ரின், உடல் மதுவை உடைக்கும் வழியை அடைத்துவிடும். தின்றவர் அடுத்த சில நாளில் மது தொட்டாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார்.

செவுளே இல்லாதவை

புல்லில் வெள்ளை உருண்டை கண்டால் உச்சியிலிருந்து அடிவரை நெடுக வெட்டுங்கள். உள்ளே ஒரே சீரான வெள்ளைப் பஞ்சு என்றால் பஃப்பால் எனப்படும் தூள்பந்துக் காளான். கெட்டித் தோலும் ஊதா கலந்த கறுப்பு உள்ளும் இருந்தால் ஸ்கிளிரோடெர்மா, நஞ்சு. உள்ளே குடையும் காம்பும் செவுளும் கோட்டோவியமாகத் தெரிந்தால் அது விரியாத அமானிட்டாவாக இருக்கலாம். கொழகொழப்பான படலம் சூழ்ந்திருந்தால் நாற்றக் காளானின் முட்டை. மறுநாள் காலை பிண நாற்றத்தோடும் ஈக்களோடும் எழுந்து நிற்கும். அந்த நாற்றம் காற்றில் வித்தைப் பறக்கவிடாமல் ஈயின் காலில் அனுப்பும் தந்திரம். நஞ்சைவிட மூக்குக்குத்தான் தொல்லை.

மூடாக்கில் சின்னக் கிண்ணத்துக்குள் முட்டைகள் வைத்ததுபோல் இருந்தால் பறவைக்கூட்டுக் காளான். மழைத்துளி விழும் விசையில் அந்த முட்டைகள் தெறிக்கும். ஸ்பீரோபோலஸ் என்ற இன்னொரு காளான் மழைக்குக் காத்திருக்காமல் தானே கறுப்பு உருண்டைகளைப் பல மீட்டர் தூரம் வெளிச்சத்தை நோக்கி எய்யும். வெள்ளைச் சுவரிலும் காரிலும் ஒட்டிய தார்ப்புள்ளிகளுக்கு இதுதான் காரணமாக இருக்கலாம். காய்ந்துவிட்டால் பெயர்ப்பது கடினம். மூடாக்கின் மேல் மஞ்சள் நுரை கக்கிவைத்ததுபோல் இருப்பது காளானே அல்ல, ஃபூலிகோ என்ற சளிப்பூஞ்சை. ஓரிரு நாளில் தூளாகிவிடும்.

மரத்தடியில் வந்தால்

தோட்டத்தில் காளானால் வரும் உண்மையான செலவு இங்கேதான். உயிருள்ள மரத்தின் அடியில் அலமாரித் தட்டுபோல், மேலே செம்பழுப்புப் பளபளப்பும் கீழே வெண் துளைகளுமாக ஒன்று வளர்ந்து, சுற்றிலும் பழுப்புத் தூள் கொட்டியிருந்தால் அது கனோடெர்மா. அடிமரமும் வேரும் உள்ளே அழுகிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். தட்டை வெட்டி எறிவதால் நோய் போகாது. இலை பசுமையாக இருக்கும்போதே மரம் சாயக்கூடும் என்பதால், வீட்டுப் பக்கமோ பாதைப் பக்கமோ நிற்கும் மரம் என்றால் மர நிபுணரை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடியில் தேன் நிறக் கொத்துகள், வளையம், கீழ்க்குடைகளின் மேல் வெள்ளைத் தூள், பட்டையை உரித்தால் கறுப்பு ஷூ நாடா போன்ற இழைகள்: இது ஆர்மில்லேரியா. இதுவும் வேரைக் கொல்வது. மட்கிய கட்டையில் மட்டும் வரும் மற்றக் காளான்களைக் கண்டு உயிருள்ள மரத்துக்காக அஞ்ச வேண்டாம், அவை மரத்தை மண்ணாக்கும் வேலையைச் செய்கின்றன.

புல்வெளி வட்டங்கள்

காளான் வட்டம் மூன்று விதம்: புல் கருகிய வளையம், புல் கரும்பச்சையாகச் செழித்த வளையம், புல்லில் மாற்றமின்றிக் காளான் மட்டும் வரும் வளையம். முதல் வகைக்கு மட்டுமே வேலை தேவை. அங்கே பூஞ்சை இழைகள் மண்ணைத் தண்ணீர் ஒட்டாததாக ஆக்கிவிடுகின்றன. புல் காய்வது தாகத்தால். முள்கரண்டியால் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி, மெதுவாக, பல நாள், ஊறும்வரை தண்ணீர் விடுங்கள். இரண்டாவது வகைக்குச் சுற்றுப்புல்லுக்கும் சிறிது தழைச்சத்து உரம் போட்டால் நிற வித்தியாசம் மறையும். பூஞ்சைக்கொல்லி தெளிப்பது பெரும்பாலும் வீண், இழைகள் அது எட்டாத ஆழத்தில் இருக்கின்றன.

நம்பக் கூடாதவை

விஷக் காளான் பட்டால் வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நிறம் மாறும், தோல் உரிந்தால் நல்லது, நத்தை தின்றால் நாமும் தின்னலாம், வேகவைத்தால் விஷம் போய்விடும். இவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. நத்தையின் உடல் வேறு, நம் உடல் வேறு. கைபேசிச் செயலிகள் பெயர் தேட உதவும், ஆனால் அவற்றுக்கு வித்துத்தூளும் தெரியாது, மண்ணுக்குள் விட்ட அடிப்பையும் தெரியாது. செயலி சொல்லும் பெயரை ஒரு யூகமாக எடுத்துக்கொண்டு, உங்கள் குறிப்போடு ஒவ்வொரு அம்சமாக ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தப் பெயரைத் தள்ளுங்கள்.

யாரேனும் தின்றுவிட்டால்

அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே நச்சுத் தகவல் மையத்தையோ மருத்துவமனையையோ அழையுங்கள். நாய் என்றால் கால்நடை மருத்துவரை. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

தின்ற நேரமும் அறிகுறி தொடங்கிய நேரமும் மருத்துவருக்கு மிக முக்கியம். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி பேதி வந்தால் பெரும்பாலும் வயிற்றோடு முடிவது; அப்போதும் குழந்தைக்கு நீரிழப்பு ஆபத்து. அரை மணி, ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, எச்சில் ஊறி, கண்பாவை சுருங்கினால் மஸ்கரின் நஞ்சு. அதற்கு மாற்று மருந்து உண்டு. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அறிகுறி தொடங்கினால்தான் மிகவும் அஞ்ச வேண்டும், அமடாக்சினின் வழக்கம் அது. அதில் ஒருநாள் பேதிக்குப் பின் ஆள் தேறியதுபோல் தெரிவார். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். பல வகைக் காளானைச் சேர்த்துத் தின்றிருந்தால், சீக்கிரம் வந்த வாந்தி தாமதமாக வரும் நஞ்சு இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

கிளம்பும் முன் மிச்சக் காளான், குப்பையில் போட்ட துண்டு, சமைத்ததின் மீதி எதுவானாலும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதையும் மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் அதே காளான் இன்னும் நின்றால் வீட்டில் இருக்கும் வேறு ஒருவர் அடியோடு தோண்டி, படங்களோடு பின்னால் கொண்டு வரட்டும்.